எந்தக் காகிதம் போதும்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், டி.சி., சாதிச் சான்றிதழ், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம், பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு குடும்பத்தின் முப்பது நாற்பது வருடங்கள் பிளாஸ்டிக் உறைகளுக்குள் கிடக்கும். டல்லாஸிலோ டொரான்டோவிலோ இருக்கும் மகன் குடியேற்ற மனு போடும்போதுதான் அந்த ஃபைல் கீழே இறங்கும். அப்போதுதான் வினையும் தொடங்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்காது, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து, அப்பாவின் பெயராகிப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மாவின் பெயர் ஒரு தாளில் ‘லட்சுமி’, இன்னொன்றில் ‘மகாலட்சுமி’. அப்புறம் நோட்டரி, முத்திரைத்தாள், ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு பிரமாணப் பத்திரம்.

இந்த அலைச்சலைப் பற்றி எங்கள் ஊரில் புலம்பாத பெற்றோர் இல்லை. ஆனால் அமெரிக்க விதியை நிதானமாகப் படித்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். இல்லையென்றால் கதவை அடைப்பதில்லை. பதிவில் இல்லை என்று உள்ளூர் அதிகாரி தரும் சான்றை வாங்கி வரச் சொல்கிறார்கள், கூடவே பள்ளி ஆவணம் போன்ற மாற்று ஆதாரம். அதுவும் கிடைக்காதபோது, பிறந்ததை நேரில் அறிந்த இரண்டு பேரின் பிரமாணப் பத்திரம். இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல் வந்து 1970இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பது அவர்களுக்கும் தெரியும். முதல் காகிதம் இல்லாதவனுக்கு இரண்டாவது காகிதம் எது, மூன்றாவது எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கனடா, குடியுரிமைக்கு ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் உள்ளே இருந்ததைக் காட்டு என்கிறது. எரிச்சலூட்டும் கணக்குதான், ஆனால் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு.

இனி நம் பக்கம். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி, கடலூர் சாலையில் வடலூரைக் கடந்தால் குறிஞ்சிப்பாடி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் குள்ளஞ்சாவடி அருகே அம்பலவாணன்பேட்டையில் இன்னொன்று. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப்பலகை 2021 ஆகஸ்டில் முதல்வர் அறிவிப்புக்குப் பிறகு ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், அவற்றில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். பெரும்பாலான ஆண்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. அவர்களுடைய பிள்ளைகள் டிப்ளமோ படிக்கிறார்கள், பொறியியல் படிக்கிறார்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. ஆள் எடுக்கும் விளம்பரத்தின் முதல் நிபந்தனை, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது. அதோடு அவர்கள் செய்தித்தாளை மடித்துவிடலாம்.

இந்தக் குடும்பங்களின் ஃபைல் டவுன்ஷிப் ஃபைலைவிட மெல்லியது. முகாம் குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இந்திய மருத்துவமனையில் பிறந்ததற்கான சான்றிதழ். சில வீடுகளில், எண்ணெய்ப் பசை ஏறிய உறைக்குள், இலங்கையிலிருந்து கொண்டுவந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த மிகச் சில வீடுகளில் பழைய இந்தியப் பாஸ்போர்ட் ஒன்றும் இருக்கலாம். இந்த ஃபைலை வைத்து ஒருவர் இந்தியக் குடியுரிமை கேட்டால் கிடைக்குமா? கிடைக்காது. அப்படிக் கிடைக்காமல் செய்யும் விதி நியாயமானதா என்பதுதான் இங்கே கேள்வி.

காகிதம் கேட்பதே அநியாயம் என்று வாதிடுவது எளிது. அதை நான் ஏற்கவில்லை. குடியுரிமை என்பது வாக்கும் சொத்தும் பாஸ்போர்ட்டும் சேர்ந்த உரிமை, அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஓர் அரசு கேட்கத்தான் வேண்டும். என் அளவுகோல் வேறு. கேட்கும் காகிதத்தை அந்த மனிதர் பெற்றிருக்க வாய்ப்பு இருந்ததா? அந்தக் காகிதம் எதை நிரூபிக்கக் கேட்கப்படுகிறதோ அதை நிரூபிக்கிறதா? அது இல்லாவிட்டால் அடுத்த படி உண்டா? பதிவேடு அரசின் கையிலேயே இருக்கும்போது அதைத் தேடிக் கொண்டுவரும் பொறுப்பு யாருடையது?

இந்தக் கேள்விகளில் முதலில் தோற்றது இலங்கை. 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. எழுத்தில் இது எல்லோருக்கும் பொதுவான விதி. கண்டியிலோ காலியிலோ இருந்த சிங்களக் குடியானவனிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கப்பட்டது தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவனிடம். அவனுடைய பாட்டன் திருச்சியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ கங்காணியின் பின்னால் நடந்து போனவன். அவனுக்கு இரு கரையிலும் பத்திரம் கிடையாது. பொதுவாக எழுதி ஒருவன் மேல் மட்டும் இறங்கும் விதி இப்படித்தான் இருக்கும். இந்தச் சட்டம் செல்லும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் தீர்ப்பளித்தது. செல்லுபடியாவதும் நியாயமாவதும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த 1948 சட்டத்துக்கு அடுத்த ஆண்டே, 1949இல், இந்தியர், பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. முதல் சட்டத்தில் விழுந்தவர்களுக்கு ஏணி என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முந்தி, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். இந்தியாவுக்கு வந்து நெடுநாள் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவன், தாய்க்குக் காரியம் செய்ய வந்தவன் எல்லாம் எத்தனை மாதம் இருந்தான் என்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு இருந்த ஒரே தொடர் ஆவணம் தோட்டத்துச் செக்ரோல், அதாவது அவனுடைய அன்றாட வேலை பதிவான பேரேடு. அது தோட்டத்துரையின் ஆபீசில் இருந்தது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். பத்து ஆண்டுக்கு மேல் பரிசீலித்து, 1 லட்சத்து 34 ஆயிரம் பேரைத்தான் குடிமக்களாக ஏற்றார்கள். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். மீதிப் பேர் எல்லாம் பொய் சொன்னவர்களா? காகிதம் பொருந்தாதவர்கள், அவ்வளவுதான்.

பிறகு 1964 அக்டோபர் 30, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணிக்கையால் பங்கு பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு, நியாயமான குற்றச்சாட்டும்கூட. நம் விசாரணைக்கு வேண்டிய செய்தி வேறு. அந்த ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா ஒவ்வொரு குடும்பத்தையும் பதிந்தது. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த இந்தியத் தூதரக அலுவலகங்கள் மனு வாங்கின, விசாரித்தன, பாஸ்போர்ட் கொடுத்தன. ஆக, மலையகத் தமிழரில் லட்சக்கணக்கானோர் இந்திய வம்சாவளி என்பதற்கு இந்திய அரசிடமே ஆவணம் இருக்கிறது. நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி ராமேஸ்வரம் வழியாகத் தாயகம் திரும்பினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், பஞ்சாலைகள், ரெப்கோ வங்கி எல்லாம் அவர்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்காக உண்டானவை.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பல் ஏறாமல் ஏறத்தாழ 84 ஆயிரம் பேர் அங்கேயே தங்கிப்போனார்கள். 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒதுங்கியிருந்த மலையகத் தமிழர் பலர், அங்கும் போர் துரத்த, யாழ்ப்பாணத்தாரோடும் மன்னார்க்காரரோடும் ஒரே படகில் ஏறி வந்தார்கள். கப்பலில் வந்தவர் ‘தாயகம் திரும்பியோர்’. படகில் வந்தவர் ‘அகதி’. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணன் தம்பிக்கு இப்படி இரண்டு சட்டம் ஆயிற்று. அண்ணனின் பேரப்பிள்ளைக்கு வாக்காளர் அட்டை உண்டு. தம்பியின் பேரப்பிள்ளை ‘சட்டவிரோதக் குடியேறி’.

அந்தச் சொல் எப்போது வந்தது என்று பாருங்கள். 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் முதலில் அது இல்லை. 2003 திருத்தத்தால் நுழைந்து 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் பயண ஆவணமும் இல்லாமல் வந்தவர் பதிவு மூலமும் குடியுரிமை பெற முடியாது, இயல்புரிமை மூலமும் பெற முடியாது. 1984இல் குண்டுக்குத் தப்பி வந்தவரிடம் இருபது ஆண்டு கழித்து, நீ விசா எடுத்து வந்தாயா என்று கேட்பதற்குச் சமம் இது. அதற்கு முந்தைய காலமும் ஒன்றும் திறந்த வாசல் அல்ல. 1983 ஜூலைக்குப் பிறகு வந்த இலங்கையரின் குடியுரிமை மனுக்களை ஏற்க வேண்டாம் என்ற மத்திய அரசின் அறிவுறுத்தல் பல காலமாக ஆட்சியர் அலுவலகங்களில் இருந்து வந்திருக்கிறது.

இனி விண்ணப்பப் படிவத்தைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு குடியுரிமை விதிகளின்படி, இந்திய வம்சாவளியினர் என்று பதிவு கோருபவர் செல்லுபடியாகும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட், வதிவிட அனுமதி, பெற்றோரின் பிறப்பு பற்றிய ஆதாரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். சட்டத்தின் 5ஆம் பிரிவில் இந்திய வம்சாவளி என்பதற்கு விளக்கம் இருக்கிறது. அவரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். மலையகத் தமிழரில் இன்று மனு எழுதக்கூடிய வயதில் இருப்பவருடைய பெற்றோர் நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்தவர்கள். இந்தியாவில் பிறந்தவர் பாட்டன். பாட்டன் கணக்கில் வரமாட்டார். 1964இல் பாட்டனின் ஊரை வைத்துத்தான் இவர்களை இந்தியர் என்று எண்ணி எடுத்தோம். இப்போது பெற்றோரின் ஊரை வைத்து இல்லை என்கிறோம்.

பாஸ்போர்ட் கதை இன்னும் விசித்திரம். குடியுரிமை கேட்க இலங்கைப் பாஸ்போர்ட் வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் கேட்டால், நீ இலங்கைப் பிரஜை என்பதற்கு ஆதாரம் காட்டு என்பார்கள். நாடற்றவராகவே ஓடி வந்தவருக்கு அந்த ஆதாரம் ஏது? நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று கேட்டுக்கொண்டே முப்பது நாற்பது வருடம் போய்விட்டது. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகச் சென்று, பிறப்புப் பதிவுகளைச் சேகரித்து, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கொடுத்துப் பத்திரம் வாங்கித் தந்திருக்கிறது. போற்ற வேண்டிய வேலை. ஆனால் அந்தப் பத்திரம் ஒருவரை இலங்கைப் பிரஜையாக்கும். இந்தியராக ஆவதற்கான சட்டத் தடையை அது அகற்றாது.

இந்த விதி மேலே சொன்ன கேள்விகள் எதிலும் தேறவில்லை என்பது என் மதிப்பீடு. ஆனால் அரசுத் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது திறனாய்வு ஆகாது.

அந்த வாதம் மூன்று கால்களில் நிற்கிறது. யார் எவர் என்று தெரியாமல் குடியுரிமை கொடுக்க முடியாது, அதிலும் 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலைக்குப் பிறகு. இரண்டாவது, அவர்களுக்கு நாடு உண்டு. இலங்கை 1988இல் ஒரு சத்தியக் கடதாசியின் பேரில் நாடற்றோரை ஏற்றது. 2003இல் 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்த வம்சாவளியினர் அனைவரையும் ஏற்றது. 2009இல் இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களுக்கும் அந்தச் சட்டத்தை நீட்டியது. மூன்றாவது, எல்லோரும் இந்தியராக விரும்புவதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் காணி உள்ளவர்கள், ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. மொத்தமாகக் குடியுரிமை கொடுப்பது ஈழத் தமிழரின் எண்ணிக்கை பலத்தை அங்கே குறைக்கும் என்ற கவலை அங்குள்ள அரசியலாருக்கும் உண்டு.

மூன்றாவது வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். குடியுரிமையைத் திணிக்கக் கூடாது. கேட்பவருக்குத்தான் பேச்சு. இரண்டாவதில் பாதி உண்மை. இலங்கை 1948இல் செய்த பிழையை 1988இலிருந்து 2009 வரை படிப்படியாகத் திருத்தியது, அதுவும் பிரமாணத்தை ஆதாரமாக ஏற்றுத் திருத்தியது. இதை நாம் வெட்கத்தோடு கவனிக்க வேண்டும். ஆனால் மண்டபம் முகாமிலும் குறிஞ்சிப்பாடி முகாமிலும் பிறந்து, பேச்சும் பாடப்புத்தகமும் திருமணமும் தமிழ்நாட்டோடு ஆனவர்களிடம் உனக்கு நாடு அங்கே இருக்கிறது என்று சொல்வது சட்டத்தில் சரியாக இருக்கலாம், வாழ்க்கையில் சரியில்லை.

முதல் வாதம்தான் நிற்கவே நிற்காதது. இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களில் இவர்கள் அளவுக்குப் பதிவு செய்யப்பட்ட கூட்டங்கள் குறைவு. மண்டபத்தில் இறங்கியதும் பெயர், ஊர், வந்த தேதி எழுதப்பட்டன. காவல் துறையின் கியூ பிரிவு விசாரித்தது. அதன் பிறகு முகாமில் வருவாய்த் துறையின் செக்கிங், ஆளை நேரில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுத்தான் பணக்கொடை. வெளியூர் போனால் அனுமதி. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அரசுக்குத் தெரிவதைவிட இவர்களைப் பற்றி அதிகம் தெரியும். யார் என்று தெரியவில்லை என்பதைச் சொல்லக்கூடிய கடைசி ஆள் அரசுதான்.

பதிவு கையில் இருந்தும் மனிதரிடமே ஆதாரம் கேட்கும் இந்தப் போக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் 1973க்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்து முறைப்படி வந்து குடியமர்ந்தவர்களிடம், அங்கே வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் காகிதம் காட்டு என்றார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் தரையிறங்கு அட்டைகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. 2018இல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அசாமில் 1951ஆம் ஆண்டுக் குடிமக்கள் பதிவேட்டையும் பழைய வாக்காளர் பட்டியல்களையும் அரசே கணினியில் ஏற்றி மக்களுக்குத் திறந்துவிட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் 2019 ஆகஸ்ட் 31இல் இறுதிப் பட்டியல் வந்தபோது 19 லட்சம் பேர் வெளியே நின்றார்கள், அவர்களில் பலர் எழுத்துப் பிழையால். பதிவேட்டைத் திறந்தால் மட்டும் போதாது, ‘செல்வராசா’வும் ‘செல்வராஜ்’உம் ஒரே ஆள் என்று ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 1956இல் நிறுவனம் தொடங்கியது முதல் சுரங்கத்துக்கு நிலம் எடுத்த கிராமங்களில் பட்டா வைத்திருந்தவருக்கு ஒரு கணக்கு, அதே மண்ணில் கூலி வேலை செய்து குடிசை போட்டிருந்தவருக்கு வேறு கணக்கு. இழந்தது இருவரும். காகிதம் இருந்தது ஒருவரிடம்.

இப்போது இந்திய அரசின் கையெழுத்திலேயே உள்ள மறுப்பைக் காட்டுகிறேன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கான விதிகள் 2024 மார்ச் 11இல் வெளியாயின. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தினருக்கு அது. அவர்கள் அந்நாட்டவர் என்று காட்ட ஒன்பது வகை ஆவணம், அவற்றில் ஏதாவது ஒன்று போதும். காலாவதியான பாஸ்போர்ட் ஆகும். பள்ளிச் சான்று ஆகும். ஏதேனும் ஓர் அடையாள அட்டை ஆகும். பெற்றோர், பாட்டன், பூட்டன் அந்நாட்டவர் என்று காட்டும் காகிதமும் ஆகும். இந்தியாவுக்குள் அந்தத் தேதிக்கு முன் வந்ததைக் காட்ட இருபது வகை. ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, காப்பீட்டுப் பாலிசி, மின் கட்டண ரசீது, இந்தியாவில் பெற்ற பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வார்டு உறுப்பினர் கொடுத்த கடிதம் வரை.

இந்தப் பட்டியலைக் குறிஞ்சிப்பாடி முகாமின் மெல்லிய ஃபைலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றல்ல, நாலைந்து ஆவணம் பொருந்தும். எல்லை கடந்து ஓடி வருபவன் சட்டைப்பையில் பாஸ்போர்ட் வைத்திருக்க மாட்டான் என்பது தில்லிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இந்த இருபத்தொன்பது வரிகளையும் எழுதினார்கள். இந்த விதி மதத்தால் ஆட்களைத் தேர்ந்தது என்ற விமர்சனம் எனக்கும் உண்டு, முஸ்லிமை விலக்கிய சட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஆவணம் கேட்கும் முறை என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டால், சுதந்திர இந்தியா எழுதிய விதிகளில் இதுவே அகதியின் நிலையை அதிகம் உணர்ந்த விதி. அதை இலங்கைத் தமிழருக்கு மறுக்க ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2022இல், இலங்கை அந்தச் சட்டத்தில் இல்லாவிட்டாலும் அதன் கோட்பாடு இலங்கை இந்துத் தமிழருக்கும் பொருந்தும் என்று குறிப்பிட்டார். அதற்கு முன் 2019 ஜூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலையகத் தமிழரின் வழக்கில், ஆட்சியரிடம் புதிதாக மனு கொடுக்கவும் மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்கவும் உத்தரவிட்டவரும் அவரே.

2025 செப்டம்பரில் வந்த விலக்கு உத்தரவு ஒரு சிறு நகர்வு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். வரவேற்கலாம். தண்டிக்காமல் விடுவது வேறு, குடிமகனாக ஏற்பது வேறு.

என் தீர்ப்பு இது. முகாம் மக்களின் குடியுரிமை மனுவுக்குப் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்கும் விதி தவறானது, அது எதையும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கப்பட வேண்டியதெல்லாம் ஏற்கெனவே அரசின் பதிவேட்டில் இருக்கிறது. 1964, 1974 ஒப்பந்தங்களின்கீழ் குடியுரிமை பெற்ற குடும்பத்தினர், அந்த ஒப்பந்தத்தின் எண்ணிக்கையில் அடங்கியவர்களின் வாரிசுகள் ஆகியோரைத் தூதரகக் கோப்பை வைத்தே பதிவு செய்யலாம். ஈழத்தவரில் கேட்பவருக்கு, 2024 விதிகளின் பட்டியலைப் போல ஒரு பட்டியல் வேண்டும், அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டும். தமிழ்நாட்டு அரசும் தப்பிக்க முடியாது. இரு கழக ஆட்சிகளும் சட்டமன்றத்தில் பேசின, தில்லிக்குக் கடிதம் எழுதின, வீடு கட்டிக் கொடுத்தன. மண்டபம் வருகைப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளாகக் கொடுப்பதற்குத் தில்லியின் அனுமதி வேண்டியதில்லை. அதை நாளைக்கே செய்யலாம். பெயரில் எழுத்து வேறுபாடு இருந்தால் தாசில்தார் மட்டத்திலேயே ‘இருவரும் ஒருவரே’ என்று சான்றிடும் அதிகாரத்தையும் கூடவே கொடுக்கலாம்.

இதில் அரசாணைக்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு, முகாம்களில் பலருக்கு அது தெரிவதில்லை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபத்தில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை இதைச் சொல்லித்தான் கொடுக்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அவரிடம் இருந்த முதன்மையான காகிதம் மண்டபத்தில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ்.

அவருடைய நிலையில் உள்ள ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் மண்டபத்தில் பிறந்தவர். கணவர் 1990இல் படகில் வந்தவர். மூத்த மகள் 2004 ஆகஸ்டில் பிறந்தவள், இளைய மகன் 2006இல். 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்ததால், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்ற அளவில் மூத்தவள் இந்தியக் குடிமகள். இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறி என்பதால் இளையவன் இல்லை. ஒரே அடுப்பில் சாப்பிடும் அக்காவும் தம்பியும். அக்கா என்.எல்.சி. தேர்வு எழுதலாம்.

எனவே முகாம்களில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும், டவுன்ஷிப்பில் மகனுக்காக ஃபைல் தயாரித்துப் பழகிய பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை முகாம்களில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் யார், அவர்களுக்கு 2004 டிசம்பருக்கு முன் பிறந்த பிள்ளைகள் யார் என்று உட்கார்ந்து பட்டியல் எடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் இருந்தால் சேர்க்க உதவுங்கள். அவர்கள் குடியுரிமை கேட்டு மனுப் போடத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6 போதும்.